அரண்மனைச் சேவகரின் மார்பில் ஒரு பதக்கம்

1872 பிப்ரவரி 29. வண்டியில் உலா போய்விட்டு லண்டன் பக்கிங்காம் அரண்மனைக்குத் திரும்பிய விக்டோரியா அரசியைக் கைத்துப்பாக்கியுடன் நெருங்கினான் ஆர்தர் ஓகானர் என்ற 17 வயது இளைஞன். சிறையிலிருந்த அயர்லாந்துப் போராளிகளை விடுவிக்கச் சொல்லி அரசியை மிரட்டுவதே அவன் திட்டம். அவனைப் பாய்ந்து பிடித்தவர் அரசியின் ஸ்காட்லாந்துப் பணியாள் ஜான் பிரவுன். துப்பாக்கி சுடும் நிலையிலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பிரவுனுக்குத் தங்கப் பதக்கமும் ஆண்டுக்கு 25 பவுன் உதவித்தொகையும் கிடைத்தன. அப்போது உடனிருந்த அரசியின் மகன் இளவரசர் ஆர்தருக்கோ ஒரு தங்க ஊசிதான்! அந்தத் தங்கப் பதக்கத்தைப் பெற்றவர் பிரவுன் ஒருவரே.

அதே ஆண்டில், நெடுங்காலம் உழைத்த அரண்மனைப் பணியாளர்களுக்காக வெள்ளிப் பதக்கம் ஒன்றையும் அரசி ஏற்படுத்தினார். அரச இல்ல நீண்டகால விசுவாசப் பணிப் பதக்கமாக அது இன்றும் தொடர்கிறது. இதற்குத் துணிச்சல் தேவையில்லை, பொறுமை போதும். 20 ஆண்டுப் பணி நிறைந்தால் பதக்கம். அதன்பின் ஒவ்வொரு 10 ஆண்டுக்கும் நாடாவில் ஒரு பட்டை கூடும். முகப்பில் ஆளும் மன்னரின் உருவம் இருக்கும். ஆகவே ஆட்சி மாறினால் பதக்கத்தின் முகமும் மாறும்.

காலக்கணக்கில் அடங்காத சேவைக்கு என்ன செய்வது? பிரதமரின் பரிந்துரைப்படியே பெரும்பாலான விருதுகள் வழங்கப்பட்டுவந்த அந்நாளில், தம் விருப்பப்படி தருவதற்கென்றே 1896 ஏப்ரல் 21 அன்று ராயல் விக்டோரியன் விருதை அரசி தொடங்கினார். அதனுடன் இணைந்த ராயல் விக்டோரியன் பதக்கம் தங்கம், வெள்ளி, வெண்கலம் என மூன்று நிலைகளில் உண்டு.

1887இல் ஆக்ராவிலிருந்து பணியாளாக வந்து, அரசிக்கு இந்துஸ்தானி கற்பித்து, 'முன்ஷி' எனப் பெயர் பெற்றவர் அப்துல் கரீம். அரண்மனை அதிகாரிகள் பலருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் 1899இல் ராயல் விக்டோரியன் விருதின் கமாண்டர் நிலைக்கு அரசி அவரை உயர்த்தினார். அமைச்சரவையைக் கேட்க வேண்டியதில்லை என்ற ஏற்பாடு அங்கே கைகொடுத்தது.

2022இல் எலிசபெத் அரசியின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த படைவீரர்களுக்கு அடுத்த ஆண்டு கிடைத்தது, ராயல் விக்டோரியன் பதக்கத்தின் வெள்ளி நிலை.