உங்களுக்குத் தெரியுமா? புது லைனர் மின்னக் கூடாது!

பழைய மாஸி பெர்குசன் 35 டிராக்டரில் இருக்கும் 3 சிலிண்டர், 2.5 லிட்டர் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினைப் பிரித்துப் புது லைனர் (சிலிண்டரின் உட்சுவராக அமையும் குழாய்) இறக்கினால், அதன் உட்புறம் கண்ணாடிபோல மின்னக் கூடாது. ஹோனிங் செய்து, அதாவது நுண்கல்லால் தேய்த்து, குறுக்கு மறுக்காக மெல்லிய கோடுகள் போட வேண்டும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். பிஸ்டன் ரிங்கும் உரசி உரசிப் பதமாகப் பொருந்தும்.

இவ்வளவு வேலை பார்த்த பிறகு பலர் எஞ்சினைப் பொத்திப் பொத்தி, மணிக்கணக்கில் ஐடிலிங்கிலேயே விடுகிறார்கள். பாவம், கெடுவதே அதனால்தான்! சுமை இல்லாவிட்டால் எரியும் வாயுவின் அழுத்தம் போதாது. ரிங் சுவரோடு சரியாக அழுந்தாது. லைனர் வழவழத்துவிடும். பிறகு ஆயில் குடிக்கும், நீலப்புகை கக்கும்.

எஞ்சின் சூடேறியதும் மிதமான சுமை கொடுத்து ஓட்டுங்கள். முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.