அமைதி வேளையில் தர வேண்டிய மருந்து

மதீனாவில் அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான சிறுவர் ஒருவர் 'நுகைர்' என்னும் சின்னஞ்சிறு பறவையை வைத்து விளையாடி வந்தார். அபூஉமைர் என்பது அவருடைய குன்யத். ஒருநாள் அவ்வீட்டுக்கு வந்த நபி (ஸல்) அவர்கள் சிறுவரின் முகம் வாடியிருப்பதைக் கண்டு காரணம் வினவினார்கள். பறவை இறந்துவிட்டதாக வீட்டார் கூறினர். உடனே அண்ணலார் அவரைக் குன்யத்தால் அழைத்து, நுகைர் என்ன ஆயிற்று என்று அவரிடமே பரிவுடன் கேட்டார்கள். அபூதாவூதில் இடம்பெறும் இந்த ஹதீஸிலிருந்து கிடைக்கும் பயன்களைத் தொகுத்து, ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் ஒரு தனி நூலே எழுதினார். நாமும் இதனைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியுள்ளோம். பறவை வளர்ப்பது கூடும், சிறுவருக்குக் குன்யத் சூட்டலாம் என்று சட்டங்களை வரிசையாகச் சொல்வோம். ஆனால், ஒரு குழந்தையின் துக்கத்தைப் பெரியவர் ஒருவர் மதித்து, அதனைப் பேச வாய்ப்பளித்தார் என்பது நம் கண்ணில் படவே இல்லை.

படாமல் போனதன் விலையை நாம் அறிவோம். இளம் உஸ்தாதாக மக்தபில் ஓதிக்கொடுத்த நாள்களில் ஒன்பது வயது மாணவன் ஒருவன் இருந்தான். தந்தையை இழந்து சில மாதங்களே ஆகியிருந்தன. யாராவது சிறிது கேலி செய்தாலும் கையில் இருப்பதை வீசி எறிவான். பிறகு நெடுநேரம் எவருடனும் பேசமாட்டான். அவனுடைய தாயார் தாயத்துக் கட்டினார். நாம் பிரம்பை எடுத்தோம். ஓராண்டுக்குள் அவன் மக்தபை விட்டு நின்றுவிட்டான். அவனுடைய கோபத்துக்கு அடியில் துக்கம் கிடந்தது என்பது வெகுகாலம் கழித்தே நமக்கு விளங்கிற்று.

இன்று குழந்தை உளவியல் கூறும் அடிப்படைச் செய்தி ஒன்றுண்டு. அச்சம், கோபம் போன்றவற்றை விரைந்து எழுப்பும் மூளைப் பகுதிகள் சிறு வயதிலேயே முனைப்புடன் இயங்குகின்றன. அவற்றை அடக்கி ஆளும் முன்மூளையோ இருபது வயதைக் கடந்த பின்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே, கொந்தளிக்கும் குழந்தையிடம் "நிறுத்து" என்று அதட்டும்போது, அந்தக் கட்டளையை நிறைவேற்றும் திறன் அவனிடம் இன்னும் முழுமையாக உருவாகவில்லை. நீந்தத் தெரியாதவனை ஆற்றின் நடுவில் நின்று திட்டுவதற்கு அது ஒப்பாகும். நீச்சலைக் கரையோரத்தில், நீர் அமைதியாக இருக்கும்போதுதான் கற்பிக்க வேண்டும்.

இக்கருத்து நம் மரபுக்குப் புதியதன்று. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியில் ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து, 934இல் மறைந்தவர் அபூஸைத் அல்பல்கீ. தத்துவ அறிஞர் அல்கிந்தியின் மாணவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் அவருடைய நூலின் முற்பகுதி உடல்நலம் பற்றியது. பிற்பகுதி மனநலம் பற்றியது. மருத்துவர்கள் உடலை மட்டுமே கவனித்து நஃப்ஸை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்னும் நான்கையும் தனித்தனியே ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் கூறுகிறார். திடீர் நோய்க்கென உடல்நலம் உள்ளவன் மருந்துகளை வீட்டில் சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் தரும் அறிவுரை. உணர்ச்சி மேலிட்டவனுக்குத் தன் அறிவு மட்டும் போதாது; வெளியிலிருந்து ஒருவர் சொல்லும் நல்லுரையும் தேவைப்படும் என்றும் அவர் கருதினார். சூடான் நாட்டு உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரீ, இந்நூலின் மனநலப் பகுதியை 2013இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, இன்றைய உளச் சிகிச்சையுடன் அது ஒத்துப்போகும் இடங்களை எடுத்துக்காட்டினார்.

இன்றைய சிகிச்சையில் குழந்தைக்கு என்னதான் செய்கிறார்கள்? முதற்படி, உணர்ச்சிக்குப் பெயரிடுதல். சின்னஞ்சிறு பிள்ளைக்குத் துக்கம், வெட்கம், பொறாமை, அச்சம் எல்லாமே ஒரே அழுகையாகத்தான் வெளிப்படும். படங்கள், பொம்மைகள், கதைகள் வழியே இது இன்னது என்று அடையாளம் காணப் பழக்குகிறார்கள். பேச வராத துன்பத்தைப் பிள்ளை விளையாட்டில் காட்டிவிடும் என்பதால் விளையாட்டே ஒரு சிகிச்சை முறையாக வளர்ந்துள்ளது. விர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் வெளியிட்ட நூல் இத்துறையில் பெயர்பெற்றது.

அடுத்தது, எண்ணத்தையும் நடத்தையையும் ஒருங்கே சீர்ப்படுத்தும் முறை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் கெண்டல், மிகுந்த அச்சத்துக்கு ஆளான சிறுவர்களுக்காகப் பதினாறு அமர்வுகள் கொண்ட பயிற்சியை வகுத்தார். 'அச்சம் வரும்போது உடலில் என்ன நிகழ்கிறது? என்ன கெடுதல் நேரும் என்று மனம் சொல்கிறது? அதற்கு மாற்றாக எதை எண்ணலாம், எதைச் செய்யலாம்? செய்தபின் விளைவு என்ன?' என்னும் நான்கு வினாக்களைப் பிள்ளை தன்னைத்தானே கேட்கக் கற்கிறான். பிறகு, அஞ்சும் பொருளை ஏணிப்படிபோலச் சிறிது சிறிதாக நெருங்குகிறான். 1994இல் வெளியான ஆய்வில், இப்பயிற்சி பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அந்நோயின் அடையாளங்கள் அகன்றிருந்தன. அஞ்சுவதைக் காணவும் கேட்கவும் நஃப்ஸைப் பழக்கும் வழியை அல்பல்கீயும் கூறியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

மூன்றாவது முறையில் சிகிச்சை பெறுபவர் பெற்றோரும்தாம். ஷீலா ஐபர்க் 1970களில் உருவாக்கிய முறைப்படி, தாயோ தந்தையோ பிள்ளையுடன் விளையாட, சிகிச்சையாளர் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்து கவனிப்பார். எப்போது பாராட்டுவது, எதைப் பொருட்படுத்தாமல் விடுவது, எவ்வாறு தெளிவாகக் கட்டளையிடுவது என்பதைப் பெற்றோரின் காதில் பொருத்திய கருவி வழியே அவ்வப்போது சொல்லிக்கொடுப்பார். பிள்ளையை அமைதிப்படுத்தத் தாம் முதலில் அமைதியாக வேண்டும் என்பதைப் பெற்றோர் அங்கே கற்கிறார்கள்.

கோபம் வந்தால் நிற்பவர் அமர வேண்டும், தணியாவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும் என்னும் நபிமொழி நம்மில் பலருக்கு மனப்பாடம். உடலின் நிலையை மாற்றி உள்ளத்தைத் தணிக்கும் பயிற்சி அது. ஆனால் அதனைப் பிள்ளைக்குச் செய்து காட்டிப் பழக்கிய வீடுகள் எத்தனை? கடுமையாக நடத்தப்படும் மாணவன் ஊக்கம் இழந்து, பொய்யையும் வஞ்சகத்தையும் கற்றுக்கொள்கிறான் என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எச்சரித்ததையும் நாம் ஓதியிருக்கிறோம். பிரம்பை மட்டும் கீழே வைக்கவில்லை.

மனநல ஆலோசகரிடம் பிள்ளையை அழைத்துச் செல்வது ஈமானின் குறைவு என்று தயங்குவோர் உண்டு. நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தபோது உள்ளத்தின் நோயை விலக்கிச் சொல்லவில்லை. துஆவும் மருத்துவமும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. "பைத்தியம் என்று பெயர் வந்துவிடுமே, நாளை திருமணத்துக்குத் தடையாகுமே" என்னும் அச்சம் இன்னும் பெரியது. அந்த அச்சத்தால் நாள் கடத்தினால், எளிதில் தீரக்கூடியது வேரூன்றிவிடும்.

எல்லாப் பிடிவாதமும் நோயன்று. பிள்ளைக்குக் கோபமும் அழுகையும் இயல்பு. ஆனால் அது பல வாரங்கள் நீடித்து உறக்கத்தையும் உணவையும் படிப்பையும் கெடுத்தால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், இழப்புக்கோ விபத்துக்கோ பின் பிள்ளை முற்றிலும் மாறிப்போனால், தாமதிக்காமல் குழந்தை மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நாட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள், 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். சிகிச்சை ஓரிரு நாளில் பலன் தந்துவிடாது. வீட்டார் மாறாமல் பிள்ளை மட்டும் மாறுவதும் அரிது.

அபூஉமைரின் ஹதீஸை இப்போதும் நடத்துகிறோம். சட்டங்களைச் சொல்லி முடித்தபின் ஒரு கேள்வியையும் கேட்கிறோம்: "நாளை உங்கள் மக்தபில் ஒரு பிள்ளை பலகையை வீசி எறிந்தால் என்ன செய்வீர்கள்?" மாணவர்கள் சிறிது நேரம் மௌனமாக இருப்பார்கள். பிறகு ஒருவர், அவன் தணியும்வரை அருகில் அமர்ந்திருந்து என்ன ஆயிற்று என்று கேட்பதாகச் சொல்வார். அன்று நமக்குத் தெரியாமல் போன விடை அது. அந்தச் சிறுவனுக்கு நாம் பட்ட கடனை அவனிடம் தீர்க்க வழியில்லை. இவர்களிடம் ஓதப்போகும் பிள்ளைகளுக்கேனும் அது போய்ச் சேரட்டும்.