மஞ்சளும் மென்மையான சருமமும்

வடமாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களிலும் மஞ்சள் பூசும் வழக்கம் மறையவில்லை. ஆயினும் ஊரில் ஒத்துக்கொண்ட பூச்சு, தில்லியின் குளிர்காலத்தில் சிலருக்கு எரிச்சலையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. காரணம் என்ன?

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்க்குமின் என்னும் பொருள். அழற்சியைத் தணிக்கும் இயல்பு அதற்கு உண்டு. அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமையையும் அதுவே விளைவிக்கும். வறண்ட காற்றில் சருமம் எண்ணெய்ப் பசையை இழந்திருக்கையில் எரிச்சல் எளிதில் மிகும். வடநாட்டு ‘உப்டன்’ கலவையில் சேரும் கடலைமாவு எஞ்சிய பசையையும் உறிஞ்சிவிடும். எலுமிச்சஞ்சாறோ புளிப்பினால் எரியச் செய்யும். ஆகவே குளிர்காலத்தில் இவ்விரண்டையும் விலக்கி, ஒரு கரண்டிப் பாலாடையில் ஒரு சிட்டிகை மஞ்சள் மட்டும் குழைத்துக்கொள்வது நலம்.

மற்றொரு காரணம் கலப்படம். நிறத்தைக் கூட்டுவதற்காக ஈயக் குரோமேட்டைத் தூளில் கலப்பதும், கிழங்கின்மேல் பூசுவதும் உண்டு. குரோமேட் சருமத்துக்கும், ஈயம் குழந்தைகளின் மூளைக்கும் கேடு. கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள கிழங்கை வாங்காதீர்கள். மங்கலான கிழங்கைக் கழுவி, மேல்தோலைச் சுரண்டி, கல்லில் இழைத்துக்கொள்ளுங்கள்.

எதையும் முகத்தில் இடுமுன் முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவிக் கழுவி, 2 நாட்கள் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையெனில் முகத்தில் 5 நிமிடம் வைத்து, வெதுவெதுப்பான நீரால் கழுவுங்கள். வெடிப்போ புண்ணோ உள்ள இடத்தில் வேண்டாம். அரிப்பு தோன்றினால் நிறுத்திவிடுங்கள். தணியாவிடில் மருத்துவரைக் காணுங்கள்.

பாட்டி காட்டிய வழக்கம் நல்லதே. வாழும் இடத்துக்கேற்ப அதன் அளவையும் சேர்மானத்தையும் மாற்றிக்கொள்வதே அறிவுடைமை.