ஏ.ஸி. போட்டுக்கொண்டு வண்டிக்குள் தூங்குகிறீர்களா?

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரைக்கும் கடலோரச் சாலையில் சரக்கு ஓட்டுகிறவரா நீங்கள்? அல்லது உங்கள் வீட்டுக்காரரோ, தம்பியோ, மகனோ 'குட்டி யானை' ஓட்டுகிறாரா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான்.

முன்னால் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நகரவே நகராது. மே மாத மத்தியானம்... 2003 மே 31-ந் தேதி சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டதே, நினைவிருக்கிறதா? அது வெளியில், நிழலில் அளந்த கணக்கு. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிற்கிற கேபினுக்குள் சூடு அதைவிட வெகு அதிகம். ஏ.ஸி. என்பது சொகுசு இல்லை என்று இந்த இடத்தில் நின்றுதான் புரிந்துகொள்ள வேண்டும்.

மத்திய அரசுக்கும் இது புரிந்திருக்கிறது. மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில், 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிறவற்றுக்கு டிரைவர் கேபினில் ஏ.ஸி. கட்டாயம் என்று 2023 டிசம்பரில் அறிவிக்கை வந்தது. நல்ல விஷயம். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளும், அதற்குக் குறைந்த எடையுள்ள சின்ன பிக்கப்புகளும் அந்தக் கணக்கில் வராது. இருக்கிற ஏ.ஸி.யை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஓடும்போது ஜில்லுனு இருக்கு, நின்னா அனல் அடிக்குது" என்பது இந்தப் பகுதியில் அடிக்கடி கேட்கிற புகார். உடனே 'கேஸ் போச்சு' என்று முடிவுகட்டாதீர்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரை முதலில் பாருங்கள். கேபினிலிருந்து இழுத்த சூட்டை வெளியே விடுவது அதுதான். ஓடும்போது எதிர்காற்று உதவுகிறது. நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் கதி. எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூள், அனல் மின் நிலையச் சாம்பல், கடலிலிருந்து உப்புக்காற்று... எல்லாம் சேர்ந்து அதன் மெல்லிய தகடுகளை அடைத்துவிடும், அரித்தும் விடும். எஞ்சின் ஆறியபிறகு குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினாலே பாதி நோய் தீரும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியால் கிட்டத்தில் வைத்து அடித்தால் தகடு மடங்கிப்போகும், உஷார்! ஏ.ஸி. போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து கேஸ். கோடை வந்தால் 'கேஸ் அடிச்சிடுங்க' என்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அது பெட்ரோல் மாதிரி செலவாகிற சமாச்சாரம் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. மூன்று மாதத்தில் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் அதுதான் ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. இந்த வேலையை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். ஆர்-134ஏ என்கிற அந்த கேஸ் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது. பீறிட்டுக் கையிலோ கண்ணிலோ பட்டால் சதை உறைந்து புண்ணாகும்.

காற்று குறைவாக வந்து, அழுக்குத்துணி வாடையும் சேர்ந்தால் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். சில சின்ன வண்டிகளில் ஃபில்டரே கிடையாது. தூசியெல்லாம் நேராக உள்ளே இருக்கும் ஈரமான எவாப்பரேட்டரில் ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். வண்டியில் ஏறினால் மட்டும் தும்மல், இருமல் வருகிற டிரைவருக்கு மருந்து இங்கேதான் இருக்கிறது. வாசனை ஸ்ப்ரே வைத்து மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

'நம்ம ஊரில் ஹீட்டரா?' என்று சிரிக்காதீர்கள். யாரும் தொடாததாலேயே அதன் வால்வு துருப்பிடித்துத் திறந்தபடி நின்றுவிடும். எஞ்சினின் கொதிநீர் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும்போது ஏ.ஸி. எப்படி ஜெயிக்கும்? கால்மிதியில் ஈரம் கண்டால் தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீர் என்றால் ஏ.ஸி.யின் வடிகால் குழாய் அடைப்பு. பிசுபிசுவென்று இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டரில் கூலன்ட் கசிவு. அது விஷம், குழந்தைகள் கை வைக்க விடாதீர்கள்.

இப்போது தலைப்புக்கு வருவோம். சரக்கு ஏற்ற நேரமாகும் என்று எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடி ஏற்றி, ஸீட்டைச் சாய்த்துத் தூங்குகிறவர்கள் நிறையப் பேர். சைலன்ஸர் குழாயில் துருவால் ஓட்டை இருந்து, கேபின் தரையிலும் ஓர் இடுக்கு இருந்தால் போதும். கார்பன் மோனாக்ஸைடு உள்ளே ஏறிவிடும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்வது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏ.ஸி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகைதான் காரணம் என்று தெரிய வந்தது.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் 'வெயில் தாங்கலை' என்று ஏ.ஸி.யைக் கூட்டாதீர்கள். கதவைத் திறந்து உடனே வெளியே வாருங்கள். ஒருவர் மயங்கிக் கிடந்தால் எஞ்சினை அணைத்து, காற்றோட்டமான இடத்துக்கு இழுத்து வந்து 108-க்கு போன் போடுங்கள். ராயபுரம் பக்கத்தில் என்றால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். ஆஸ்பத்திரியில் 'ஓடுகிற வண்டிக்குள் இருந்தார்' என்று மறக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இந்த விஷத்தைப் பிரித்துப் பார்க்காது, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே காட்டும்.

வெயில் அடித்து மயங்கியவருக்கு வைத்தியம் வேறு. உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சு குழறினால் நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றவே கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். வீடு வந்து சேர இரண்டு நிமிஷம் இருக்கும்போதே ஏ.ஸி.யை அணைத்துவிட்டு வெறும் ஃபேனை ஓடவிடுங்கள். உள்ளே ஈரம் காயும், மறுநாள் காலையில் அந்த வாடை இருக்காது.