கணக்கு வரவில்லையா, கணக்கின் வார்த்தை வரவில்லையா?

"அம்மா, இது கூட்டலா, கழித்தலா? அதை மட்டும் சொல்லிடு, நானே போட்டுடறேன்!"

மூன்றாவது, நான்காவது வகுப்பில் பிள்ளைகள் படிக்கும் வீடுகளில் தினமும் கேட்கிற குரல் இது. நாமும் அடுப்பில் ஒரு கண்ணும் நோட்டில் ஒரு கண்ணுமாக, "கூட்டல்தான், சீக்கிரம் போடு" என்று சொல்லிவிடுகிறோம். விடை சரியாக வந்துவிடும். ஆனால் பரீட்சையில் பக்கத்தில் அம்மா இருக்க மாட்டாளே! அங்கே குழந்தை திணறினால், "இவனுக்குக் கணக்கே ஏறலை" என்று முத்திரை குத்திவிடுகிறோம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூட்டத் தெரிகிறது, கழிக்கவும் தெரிகிறது. எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. அப்படியானால் குறை எண்களில் இல்லை, வார்த்தையில்தான்.

"மாலாவிடம் 8 வளையல்கள் இருக்கின்றன. இது கீதாவிடம் இருப்பதைவிட 3 அதிகம். கீதாவிடம் எத்தனை?" இந்தக் கணக்கை உங்கள் குழந்தைக்குக் கொடுத்துப் பாருங்கள். பல குழந்தைகள் சட்டென்று 11 என்பார்கள். "அதிகம்" என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிடுவார்கள். சரியான விடை 5. "அதிகம் என்றால் கூட்டல், குறைவு என்றால் கழித்தல்" என்று குறுக்குவழி சொல்லிக் கொடுப்பதில் இருக்கிற ஆபத்து இதுதான். யாரிடம் அதிகம், யாரைவிட அதிகம் என்று கேட்டுப் பழக்குங்கள். இரண்டு தட்டில் புளியங்கொட்டையை வைத்துக் காட்டினால் "விட" என்ற சிறு சொல் தானாகப் புரிந்துவிடும்.

இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. நம் அடுக்களையே போதும்.

எத்தனை, எவ்வளவு: எத்தனை தோசை, எவ்வளவு மாவு? எண்ணக்கூடியதற்கு ஒரு சொல், அளக்கக்கூடியதற்கு ஒரு சொல். "எத்தனை டம்ளர் அரிசி போடட்டும்? எவ்வளவு தண்ணீர்?" என்று குழந்தையிடம் கேட்டுக்கொண்டே உலை வையுங்கள்.

ஆளுக்கு, தலா, வீதம்: 4 பேருக்கு ஆளுக்கு 3 இட்லி என்றால் மொத்தம் 12. வீட்டில் "ஆளுக்கு" என்கிறோம். புத்தகத்தில் "தலா" என்றும் "வீதம்" என்றும் இருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பெருக்கல் கணக்கில் பாதி பயம் போய்விடும். பெருக்கல் என்றால் வீடு பெருக்குவது என்று நினைக்கிற வாண்டுகளும் உண்டு! பெருகுவது, அதாவது பலமடங்காவது என்று விளக்குங்கள்.

ஈவு, மீதி: 14 முறுக்கை 4 பேருக்குச் சமமாகக் கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் கிடைத்த 3 தான் ஈவு. ஈதல் என்றால் கொடுத்தல் அல்லவா? டப்பாவில் தங்கிய 2 மீதி.

பகுதி, தொகுதி: பின்னத்தில் கீழே இருப்பது பகுதி, மேலே இருப்பது தொகுதி. ஒரு சப்பாத்தியை 4 சம துண்டாக்கினால், பகுத்தது 4. அதில் 3 துண்டை எடுத்துத் தொகுத்தால் தொகுதி 3. அதுவே முக்கால், அதாவது மூன்று கால். காலில் பாதி அரைக்கால். எட்டில் ஒரு பங்கு. 8 பெரிய எண் என்பதால் எட்டில் ஒன்றுதான் பெரியது என்று குழந்தை நினைக்கும். இன்னொரு சப்பாத்தியை 8 துண்டாக்கிக் காட்டுங்கள். எந்தத் துண்டு பெரிசு என்று வயிறே சொல்லிவிடும்!

ஒற்றை, இரட்டை: கோலம் போடும்போது புள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று தனியாக நின்றால் ஒற்றைப்படை. கோலத்தைச் சுற்றி இழுக்கும் கோட்டின் நீளம் சுற்றளவு. அந்தக் கோடு அடைத்துக்கொண்ட தரை பரப்பளவு.

எண்களின் பெயரிலும் சில இடறல்கள் உண்டு. தொண்ணூறில் "நூறு" ஒலிக்கிறது, ஆனால் அது 90. தொள்ளாயிரத்தில் "ஆயிரம்" ஒலிக்கிறது, ஆனால் அது 900. காதால் கேட்டு எழுதும் குழந்தை இங்கே குழம்பினால் கோபிக்காதீர்கள். ஆங்கிலத்திலும் தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் காதில் ஒன்றுபோலத்தானே விழுகின்றன?

ஆங்கில வழியில் படிக்கும் குழந்தைக்குச் சிக்கல் இரட்டிப்பு. 9-க்கும் 4-க்கும் "டிஃபரன்ஸ்" என்ன என்று கேட்டால், "ஒண்ணு வளைஞ்சிருக்கு, இன்னொண்ணு கோணலா இருக்கு" என்று பதில் வரலாம். அதில் தப்பே இல்லை. அந்தச் சொல்லுக்கு அதற்குத் தெரிந்த பொருள் அதுதான். "எது அதிகம், எவ்வளவு அதிகம்?" என்று முதலில் வீட்டுப் பேச்சில் புரியவைத்துவிட்டு, அதற்குப் பள்ளியில் என்ன பெயர் என்று பிறகு சொல்லுங்கள். பொருள் முந்தி, பெயர் பிந்தி.

நம் பாட்டிமார் பலர் பள்ளிக்கூடம் போகாமலே கால், அரைக்கால், வீசம் என்று மனக்கணக்குப் போட்டவர்கள். 16 அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் ஓரணா என்பது ரூபாயில் வீசம், பதினாறில் ஒரு பங்கு. 1957 ஏப்ரலில் நூறு பைசாக் கணக்கு வந்தது. பிறகு மெல்ல மெல்ல இந்தச் சொற்கள் பேச்சிலிருந்து நழுவிவிட்டன. பின்னம் அவர்களுக்குப் பாடமாக வரவில்லை, பேச்சாக வந்தது. அதுதான் நமக்கு வேண்டியதும்.

இன்னும் ஒன்று. "எனக்கும் கணக்குன்னா ஆகாது" என்று குழந்தை எதிரில் சொல்லாதீர்கள். மாதச் சம்பளத்தில் பால், மளிகை, வாடகை போக மீதி பிடிக்கிறவர் நீங்கள். உங்களுக்கா கணக்கு வராது?

வாரம் ஒருநாள் குழந்தையையே உங்களுக்கு ஒரு கணக்குச் சொல்லச் சொல்லுங்கள். "விட", "தலா", "மீதி" மூன்றில் ஒன்றாவது அதில் வர வேண்டும் என்பது விதி. கேட்கத் தெரிந்த குழந்தைக்குப் போடவும் தெரிந்துவிடும்.