கிராபிக்ஸ் கார்டில் மெமரியைக் கூட்ட முடியுமா?

வீடியோ எடிட்டிங், டிசைனிங் தொழிலுக்காகக் குழுக் கடனில் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேஜைக் கம்ப்யூட்டரின் ரேமைக் கழற்றி மாட்டலாம். கிராபிக்ஸ் கார்டின் மெமரி சிப்புகள் அப்படியல்ல. போர்டோடு சால்டர் வைத்து ஒட்டியவை.

"சிப்பை மட்டும் மாத்திக்கலாம்ல?" என்று கேட்கலாம். முடியும். 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070 கார்டில் 1 ஜிபி சிப்புகள் எட்டு இருக்கும். அவற்றுக்குப் பதில் 2 ஜிபி சிப்புகள் வைத்து 16 ஜிபி ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் சூடான காற்றடித்துச் செய்யும் நுணுக்கமான வேலை அது. கொஞ்சம் பிசகினாலும் கார்டே போய்விடும். புது மெமரியை கார்டின் பயாஸும் ஏற்க வேண்டும். வாரண்டியும் கிடைக்காது.

ஆகவே, தேவையான ஜிபி உள்ள கார்டையே பார்த்து வாங்குங்கள். அளவை பில்லில் எழுதச் சொல்லுங்கள். "பிறகு ஏத்திக்கலாம்மா" என்ற பேச்சை நம்பிக் கடன் பணத்தைக் கொடுக்காதீர்கள்.