கணினிப் படவரைவும் விருப்பமைவுக் கோப்புகளும்

வரைபலகையிற் படம் வரைந்த காலத்திலே படவரைஞர் ஒவ்வொருவரிடமும் ஒரு பேனைப்பெட்டி இருந்தது. 0.18, 0.25, 0.35, 0.5 மில்லிமீற்றர் எனத் தடிப்பு வேறுபட்ட மைப்பேனைகள் அதனுள் வரிசையாய்க் கிடக்கும். வெட்டுமுகச் சுவருக்கு ஒரு பேனை, அளவுக் கோட்டுக்கு இன்னொன்று எனக் கை தானே தேர்ந்தெடுக்கும். கணினி வந்தபின் அப்பெட்டி ஒழிந்துபோயிற்று எனக் கருதுவர் பலர். அஃது ஒழியவில்லை, சிறு கோப்புகள் சிலவாக உருமாறி, எளிதிற் கண்ணிற் படாத ஓரிடத்திற் கிடக்கின்றது. வரைந்த படங்களைக் கண்ணுங் கருத்துமாய்ப் பிரதியெடுத்து வைப்போரும் இக்கோப்புகளைக் காவாது விடுதலே பெருவழக்காயிருக்கின்றது.

யோன் வோக்கரும் அவர்தந் தோழருமாகச் சேர்ந்து 1982ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நிறுவிய ஓட்டோடெஸ்க் நிறுவனம், அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலேயே ஓட்டோகாட் என்னும் மென்பொருளை வெளியிட்டது. இப்பொருளை விளக்குதற்கு அதுவே தக்க எடுத்துக்காட்டாகும். அதன்கண் படம் ஒரு கோப்பு. அப்படத்தை வரைபவரின் பழக்கங்கள் வேறு பல கோப்புகள். படக்கோப்புக்கு மென்பொருளே தன்னியல்பாக ஒரு காப்புப் பிரதி ஆக்குவதுண்டு. அப்பிரதி எத்துணை நன்றாக இருப்பினும் பழக்கங்களை மீட்டுத் தராது.

அவற்றுள் எளியது பீ.ஜீ.பீ. என முடியும் கோப்பு. கட்டளைகளின் குறுக்கெழுத்துகள் அதில் வெறும் எழுத்துருவிலே தங்கியிருக்கும். 'எல்' என்று தட்டினால் கோடு, 'சீ' என்று தட்டினால் வட்டம் என்பது மென்பொருள் தந்த முறை. வட்டத்திலும் பிரதி செய்தலே தமக்கு மிகுதியெனக் கண்ட ஒருவர் 'சீ' என்பதைப் பிரதிக் கட்டளைக்கு மாற்றிக்கொள்வார். பத்தாண்டு அவ்வாறு பழகிய கை, புதிய கணினியிற் பிரதி செய்ய முயலுந்தோறும் வட்டமே வரையத் தொடங்கும். பட்டியல்கள், கருவிப்பட்டைகள், சுட்டெலியின் பொத்தான்கள் முதலியன 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதலாகச் சீ.யூ.ஐ.எக்ஸ். என முடியும் கோப்பில் அடங்குகின்றன.

இவற்றின் இழப்பு வரைபவருக்கு மட்டும் இடையூறாகும். சீ.ரீ.பீ. என முடியும் அச்சுநடை அட்டவணையின் இழப்போ பிறரையுந் தாக்கும். மேலே கூறிய பேனைப்பெட்டி இதுவே. 255 நிறங்களுள் ஒவ்வொன்றும் தாளில் எத்துணைத் தடிப்புடன், எந்நிறத்தில் விழவேண்டும் என்பதை இவ்வட்டவணை வகுக்கின்றது. திரையிற் சிவப்பாகத் தோன்றும் கோடு தாளில் 0.18 மில்லிமீற்றர்க் கருங்கோடாக விழுவது இதன் ஆணையாலாகும். தடிப்பை நிறத்தின் வழியே வகுத்த படத்துக்கு இவ்வட்டவணை கிடையாதபோது, சுவரும் அளவுக் கோடும் மறைகோடும் ஒரே தடிப்புடையனவாய், திரையின் நிறங்களோடே வெளிவரும். படம் திறக்கின்றது, அளவுகள் சரியாயுள்ளன. ஆயினும் கட்டட வேலைத்தளத்தில் அத்தாளை விரிப்பவருக்கு வெட்டுமுகம் எது, அப்பாற்றோற்றம் எது எனப் பிரித்தறிதல் அரிதாகும்.

இவற்றைக் காக்கப் புகுவோர் பெரும்பாலுஞ் செய்வது யாதெனில், 'ஒப்ஷன்ஸ்' பெட்டியிற் சென்று தம் 'புறொபைலை' ஏ.ஆர்.ஜீ. கோப்பாக ஏற்றுமதி செய்து அவ்வளவில் அமைதலாகும். அது போதாது. அக்கோப்பிற் பெரிதும் உள்ளவை இயங்குதளப் பதிவேட்டில் இருக்கும் அமைவுகளும், ஏனைய கோப்புகள் எங்கே இருக்கின்றன என்னும் முகவரிகளுமேயாம். வீட்டின் முகவரியை எழுதி வைத்துக்கொண்டவர் வீட்டையே காத்துவிட்டதாக எண்ணுவது போன்றது இது. பீ.ஜீ.பீ., சீ.யூ.ஐ.எக்ஸ்., சீ.ரீ.பீ. ஆகியவற்றையும், தாமே ஆக்கிய கோட்டுவகை, நிரப்புக் கோலம், வார்ப்புருப்படம் என்பவற்றையும் தனித்தனியே பிரதியெடுத்தல் வேண்டும்.

விண்டோஸ் இயங்குதளத்தில் இவற்றுட் பல, பயனர் பெயரிலுள்ள 'அப்டேற்றா' என்னுங் கோப்புறையினுள்ளே, பதிப்பின் ஆண்டுப் பெயர் தாங்கிய உட்கோப்புறையில் இருக்கும். 'அப்டேற்றா' இயல்பாக மறைக்கப்பட்டிருத்தலால், மறைந்தவற்றைக் காட்டுமாறு முதலிற் பணித்தல் வேண்டும். மென்பொருளை மூடியபின் பிரதியெடுத்தல் நன்று. மூடும்போது எழுதப்படும் அமைவுகளும் உண்டு. பிரதிகளைத் திகதியிட்டு வேறொரு வட்டில் வைத்தலும், புதியதைப் பழையதன்மேல் எழுதாதிருத்தலும் வேண்டும். பழுதுற்ற கோப்பொன்று நல்ல பிரதியை அழித்துவிடின் மீட்டற்கு ஒன்றும் எஞ்சாது.

மென்பொருள் ஒழுங்கின்றி இயங்கும்போது அமைவுகளைத் தொடக்க நிலைக்கு மீட்டுங் கருவியொன்று அதனுடனேயே தரப்பட்டுள்ளது. அது மீட்குமுன் காப்புப் பிரதி எடுக்கவோ என வினவும். அவசரத்தில் அவ்வினாவைப் புறக்கணிப்போர் பலர்.

புதிய பதிப்புக்கு மாறுங்கால் பழைய சீ.யூ.ஐ.எக்ஸ். கோப்பை முழுதாக எடுத்துப் புதியதன்மேல் இடுதல் தவறு. புதிதாகச் சேர்ந்த கருவிகள் பட்டியலில் இல்லாதொழியும். தாம் ஆக்கிய கருவிகளைத் தலைமைக் கோப்பிற் கலவாது பகுதிக் கோப்பொன்றில் வைத்திருப்பவர், 'சியூஐலோட்' என்னுங் கட்டளையால் அதனைப் புதிய பதிப்பில் ஏற்றிக்கொள்ளலாம். பலர் கூடிப் பணிசெய்யும் அலுவலகத்தில் அச்சுநடை அட்டவணை ஒன்றே பொதுக் கோப்புறையில் இருத்தலும், அதனைத் திருத்தும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருத்தலும் தகும். எடுத்த பிரதி பயன்படுமா என்பதை அறிய, அதனை வேறொரு கணினியில் இட்டுப் பழைய படமொன்றை அச்சிட்டு, முன்னைய தாளுடன் கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.